நான்கு குருமாருக்கென்றே ஒரு பதக்கம்: ஆறுதல் பரிசா, உயரிய விருதா?

வாசகர் ஒருவரின் கேள்வி – 3.2.2024

அமெரிக்கப் படையில் ‘நான்கு சாப்ளின்கள் (படைக் குருமார்) பதக்கம்’ என்று ஒன்று உண்டு. 1961இல் ஒரே ஒருமுறை, நான்கு மதகுருமாருக்கு மட்டும், அதுவும் அவர்கள் இறந்து 18 ஆண்டுகள் ஆகவிருந்த நிலையில் வழங்கப்பட்டது. அதற்கு முன்னும் யாருக்கும் இல்லை, பின்னும் யாருக்கும் இல்லை. அந்நாட்டின் மிக உயர்ந்த விருதான மெடல் ஆஃப் ஆனரைக் கொடுக்க மனமில்லாமல், கேட்டவர்களின் வாயை அடைப்பதற்காகக் கொடுத்த ஆறுதல் பரிசாகவே இது எனக்குப் படுகிறது. மாற்றுக் கருத்து உண்டா?

3.2.2024, இரவு

உண்டு. முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் பதக்கத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

1943 பிப்ரவரி 3, நள்ளிரவு தாண்டி 12.55 மணி. எஸ்.எஸ். டார்செஸ்டர் என்ற அமெரிக்கத் துருப்புக் கப்பல் 900க்கும் மேற்பட்டோரை ஏற்றிக்கொண்டு, நியூஃபவுண்ட்லாந்திலிருந்து கிரீன்லாந்து ராணுவத் தளத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. 1926இல் கரையோரப் பயணிகளுக்காகக் கட்டப்பட்டுப் பின்னர் போருக்காக மாற்றப்பட்ட கப்பல் அது. யு-223 என்ற ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் எய்த டார்பிடோ அதன் வலப்பக்கத்தில், நீர்மட்டத்துக்குக் கீழே தாக்கியது. மின்சாரம் போயிற்று, கப்பல் முழுவதும் இருட்டு. அரை மணி நேரத்துக்குள் கப்பல் மூழ்கிவிட்டது. பிழைத்தவர்கள் 230 பேர். இறந்தவர்கள் 670க்கும் மேல்.

அந்தக் கப்பலில் நான்கு படைக் குருமார் இருந்தார்கள். மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்த ஜார்ஜ் ஃபாக்ஸ், யூத ரபி அலெக்சாண்டர் குட், சீர்திருத்தத் திருச்சபையின் கிளார்க் போலிங், கத்தோலிக்கரான ஜான் வாஷிங்டன். நால்வருமே லெப்டினன்ட் தரத்தினர். இருட்டில் முட்டி மோதிக்கொண்டு மேல்தளத்துக்கு வந்தவர்களை அவர்கள் அமைதிப்படுத்தினார்கள், படகுகள் இருந்த பக்கம் வழிகாட்டினார்கள், பெட்டியிலிருந்த லைஃப் ஜாக்கெட்டுகளை எடுத்து வழங்கினார்கள். பெட்டி காலியானதும் தங்கள் உடம்பில் இருந்தவற்றைக் கழற்றி எதிரே நின்றவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். கடைசியாகப் பார்த்தவர்கள் சொன்னது: நால்வரும் கைகோத்துக்கொண்டு சாய்ந்த தளத்தின்மீது நின்று பிரார்த்தித்துக்கொண்டிருந்தார்கள்.

இனி சட்டத்துக்கு வருவோம். 1918ஆம் ஆண்டுச் சட்டப்படி, எதிரியோடு நேரடியாக மோதும் நடவடிக்கையில் உயிரைப் பணயம் வைத்துக் காட்டிய வீரத்துக்குத்தான் தரைப்படையில் மெடல் ஆஃப் ஆனர். மூழ்கும் கப்பலில் ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்தது அந்த வரையறைக்குள் வரவில்லை. ஆகவே அமெரிக்க காங்கிரஸ் 1960 ஜூலை 14இல் தனிச் சட்டம் ஒன்றின் மூலம், மெடல் ஆஃப் ஆனருக்கு நிகரான மதிப்போடு இந்தப் பதக்கத்தை உருவாக்கியது. 1961 ஜனவரி 18 அன்று, வர்ஜீனியாவிலுள்ள ஃபோர்ட் மையர் முகாமில், தரைப்படைச் செயலாளர் வில்பர் பிரக்கர் குடும்பத்தாரிடம் அதை வழங்கினார். விதியை வளைக்கவில்லை, அதே சமயம் அந்தச் செயலை இரண்டாம் தரமாகவும் ஆக்கவில்லை. இதை ஆறுதல் பரிசு என்று எப்படிச் சொல்வது?

4.2.2024

‘ஜாக்கெட்டைக் கொடுத்தது பெரிய செயல்தான், ஆனால் போர்க்களத்தில் குண்டுக்கு நடுவே ஓடுவதோடு அதை ஒப்பிட முடியுமா’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இதற்குக் கடலிலிருந்து பதில் சொல்ல வேண்டும்.

நான் தூத்துக்குடிக்காரன். சரக்குக் கப்பல்களின் இஞ்சின் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டார்செஸ்டரின் கேப்டன் ஹான்ஸ் டேனியல்சன், நீர்மூழ்கி அபாயம் இருப்பதால் அனைவரும் உடுத்திய உடையோடும் லைஃப் ஜாக்கெட்டோடும்தான் படுக்க வேண்டும் என்று உத்தரவிட்டிருந்தார். கீழ்த்தளத்தில் இருந்த பலர் அதைக் கேட்கவில்லை. இஞ்சின் சூடு தாங்காமல் கழற்றி வைத்தார்கள். உறுத்துகிறது என்று கழற்றியவர்களும் உண்டு. கரையில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு அசட்டுத்தனமாகத் தோன்றும். வெளியே பனி பெய்துகொண்டிருக்கும்போதே இஞ்சின் ரூம் சுவரை ஒட்டிய கேபினில் வியர்வையில் நனைந்து, மேல்சட்டையைக்கூடக் கழற்றிவிட்டு உறங்கியவன் நான். அந்த இளைஞர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒருமுறை ஜனவரி மாதத்தில், ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்துக்கு வெளியே, கப்பலைக் கைவிடும் பயிற்சிக்காக எங்களை மேல்தளத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். கையுறையைக் கழற்றினால்தான் ஜாக்கெட் நாடாவை ஒழுங்காக முடிய முடியும். கழற்றினேன். முதல் நாடாவை முடிந்தேன். இரண்டாவது நாடா விரல்களுக்கு நடுவே இருப்பது கண்ணுக்குத் தெரிந்ததே தவிர, தொடு உணர்வு இல்லை. கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்க்க முயன்றபோது அவை ஒன்றையொன்று தாண்டிப் போயின. பக்கத்தில் நின்ற போசன் (தளத்து மாலுமிகளின் தலைவர்) பற்களால் தன் கையுறையை இழுத்து எறிந்துவிட்டு எனக்கு முடிந்துவிட்டார். காற்று மட்டும்தான் அடித்தது, நாங்கள் தண்ணீரைத் தொடவே இல்லை. டார்செஸ்டர் மூழ்கிய இடத்தில் தண்ணீரின் வெப்பம் ஏறத்தாழ ஒரு டிகிரி செல்சியஸ். அந்தத் தண்ணீரில் ஜாக்கெட் இல்லாதவனுக்குக் கை கால் ஓய்ந்ததும் கதை முடிந்தது. ஜாக்கெட் இருந்தால், உணர்விழந்த பிறகும் தலை நீருக்கு மேலே நிற்கும். படகு வந்து தூக்கும்வரை ஒரு வாய்ப்பு உண்டு. அந்த நால்வரும் கொடுத்தது அந்த வாய்ப்பைத்தான், அதைக் கொடுத்தால் தங்களுக்கு என்ன மிஞ்சும் என்பதைத் தெரிந்தேதான் கொடுத்தார்கள்.

4.2.2024, சற்று நேரம் கழித்து

‘தெரிந்தே’ என்று எழுதியதற்கு ஆதாரம் கேட்டிருக்கிறார்கள். கடலோரக் காவல் படையைச் சேர்ந்த மஹோனி என்பவர் அன்றிரவு உயிர் பிழைத்தார். அவர் தளத்துக்கு வந்தபின் கையுறையை மறந்துவிட்டதை உணர்ந்து கேபினுக்குத் திரும்பப் போனபோது ரபி குட் தடுத்து நிறுத்தித் தன் கையுறைகளைக் கொடுத்தார். மஹோனி வாங்கத் தயங்கியபோது, தன்னிடம் இரண்டு ஜோடி இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். மூழ்கும் கப்பலில் யாரும் இரண்டாவது ஜோடியைத் தூக்கிக்கொண்டு வரமாட்டார்கள் என்பதும், ரபி அப்போதே இறங்குவதில்லை என்று முடிவு செய்திருந்தார் என்பதும் மஹோனிக்குப் பின்னால்தான் புரிந்தது. உறைபனியில் படகோடு பிழைத்துக் கிடந்த மணிநேரங்களில் அவர் விரல்களைக் காத்தவை அந்தக் கையுறைகள்.

6.2.2024

இங்கே ஒருவர், இந்தக் கதை போர்க்காலப் பிரசாரத்தில் ஊதிப் பெருக்கப்பட்டிருக்கும் என்று ஐயப்படுகிறார். அது போர்க்காலத்திலும் அதன் பின்னும் பெரிதும் பரவியது உண்மைதான். 1948இல் நால்வரின் உருவத்தோடு 3 சென்ட் அஞ்சல்தலை வெளிவந்தது. 1951 பிப்ரவரி 3இல் பிலடெல்பியாவில் அவர்கள் நினைவாக எழுந்த வழிபாட்டுக் கூடத்தை அதிபர் ட்ரூமனே அர்ப்பணித்தார். 1988இல் காங்கிரஸ் பிப்ரவரி 3ஐ அவர்களின் நினைவு நாளாக்கியது. புராட்டஸ்டண்ட் இருவர், கத்தோலிக்கர் ஒருவர், யூதர் ஒருவர் என்ற அமைப்பு, மத ஒற்றுமையைப் பேச விரும்பிய அன்றைய அமெரிக்காவுக்குப் பொருத்தமாக இருந்தது என்பதையும் மறுக்கவில்லை.

ஆனால் சாட்சியம் அதற்கு முந்தியது. வெவ்வேறு படகுகளிலும் மிதவைகளிலும் இருந்து மீட்கப்பட்டவர்கள், பரப்புவோர் கையில் கதை சேரும் முன்னரே, ஒரே செயலைச் சொன்னார்கள். ஜாக்கெட்டைக் கழற்றும்போது ரபி யூதனைத் தேடவில்லை, பாதிரியார் கத்தோலிக்கனைத் தேடவில்லை; வரிசையில் அடுத்து நின்றவனுக்குக் கொடுத்தார்கள். மத ஒற்றுமை என்று பிற்காலத்தார் பேசியதெல்லாம் இந்த ஒரு செய்கையிலிருந்து பிறந்ததே.

8.2.2024

முதல் நாள் எழுதியதை மீண்டும் வாசித்தேன். காங்கிரஸ் விதியை வளைக்கவில்லை என்று பாராட்டியிருந்தேன். அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய எதிர்வாதம் ஒன்று உண்டு, கேள்வி கேட்டவர் தரப்புக்கு அது வலு சேர்க்கும் என்றாலும்.

1927இல் சார்லஸ் லிண்ட்பெர்க் நியூயார்க்கிலிருந்து பாரிசுக்குத் தனியாக விமானம் ஓட்டிச் சென்றார். போர் இல்லை, எதிரி இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் காங்கிரஸ் தனிச் சட்டம் இயற்றி அவருக்கு மெடல் ஆஃப் ஆனரையே வழங்கியது. 1935இல், துருவ ஆய்வாளரான அடால்ஃபஸ் கிரீலிக்கு அவருடைய வாழ்நாள் சேவைக்காக அதே விருது அதே வழியில் சென்றது. ஆக, மனம் இருந்திருந்தால் 1960இலும் அதே கதவைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

ஆனாலும் திறக்காதது நல்லது என்றே நினைக்கிறேன். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், மெடல் ஆஃப் ஆனர் என்றால் எதிரியின் முன்னால் நின்று காட்டிய வீரம் என்ற பொருள் மக்கள் மனத்தில் உறுதிப்பட்டுவிட்டது. நால்வருக்காக அதைத் தளர்த்தியிருந்தால், ‘இவர்களுக்கு மட்டும் சலுகை’ என்ற முணுமுணுப்பு அந்தப் பெயர்களை விடாமல் துரத்தியிருக்கும். யாருக்கும் சலுகை காட்டாமல் செத்தவர்களுக்கு அது நியாயமாக இராது.

8.2.2024

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அவர்கள் பதக்கமே இல்லாமல் 18 ஆண்டுகள் கிடக்கவில்லை. 1944 டிசம்பர் 19இலேயே தரைப்படையின் இரண்டாவது உயரிய விருதான டிஸ்டிங்குவிஷ்டு சர்வீஸ் கிராசும், போரில் காயம்பட்டோருக்கும் இறந்தோருக்கும் உரிய பர்ப்பிள் ஹார்ட்டும் குடும்பத்தாரிடம் வழங்கப்பட்டன. 1960ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு மேல் செய்யப்பட்ட மரியாதை.

11.2.2024

‘குருமார் ஆயுதம் ஏந்தாதவர்கள், அவர்களுக்கு எப்படிப் போர்வீரர் விருது கொடுப்பது’ என்ற கேள்விக்கு வரலாற்றில் நல்ல பதில் இருக்கிறது, அதுவும் நம் நாட்டுப் படைகளோடு தொடர்புடைய பதில்.

1879 டிசம்பர் 11, காபூல் அருகே கில்லா காசி. இரண்டாம் ஆப்கன் போர். ஜேம்ஸ் ஆடம்ஸ் என்ற பாதிரியார் வங்காள மாகாணத்தின் திருச்சபைப் பணியில் இருந்தவர். 9ஆம் லான்சர் குதிரைப்படையினர் சிலர் குதிரைகளோடு ஆழமான அகழி ஒன்றில் விழுந்து, குதிரைகளுக்கு அடியில் சிக்கிக்கொண்டார்கள். ஆப்கானியர்கள் நெருங்கிவிட்டார்கள். ஆடம்ஸ் தன் குதிரையை விட்டுவிட்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, அவர்களை ஒவ்வொருவராக இழுத்து விடுவித்தார். பிரிட்டனின் மிக உயரிய வீர விருதான விக்டோரியா கிராசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டபோது விதி குறுக்கே நின்றது, ஏனென்றால் அவர் படையின் உறுப்பினர் அல்ல, திருச்சபைத் துறை ஊழியர். பிரிட்டிஷார் என்ன செய்தார்கள்? 1881 ஆகஸ்டில் விதியையே விரிவாக்கி, இந்தியத் திருச்சபைத் துறையினரையும் அதற்குள் சேர்த்தார்கள். அதே மாதம் ஆடம்ஸ் அந்த விருதைப் பெற்ற முதல் மதகுருவானார்.

முதல் உலகப் போரில் மேலும் மூன்று படைக் குருமார் அதைப் பெற்றார்கள். அவர்களில் தியடோர் ஹார்டி ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, போக வேண்டாம் என்று தடுத்தவர்களை மீறிப் போர்முனைக்குப் போனவர். காயம்பட்டவன் பக்கத்தில் இரவு முழுவதும் கிடப்பதே அவர் வழக்கம். மன்னரே கேட்டும் தாயகத்துக்குத் திரும்ப மறுத்தார். 1918 அக்டோபரில், போர் முடிய ஒரு மாதம்கூட இல்லாத நேரத்தில், குண்டுக் காயத்தால் ரூவானில் இறந்தார்.

அமெரிக்காவிலும் குருமார் மெடல் ஆஃப் ஆனர் பெற்றிருக்கிறார்கள். 1945 மார்ச் 19இல் எரிந்துகொண்டிருந்த யு.எஸ்.எஸ். ஃபிராங்க்ளின் விமானந்தாங்கிக் கப்பலில் தீயணைப்புக் குழுக்களை வழிநடத்திய ஜோசப் ஓகலஹன் அவர்களில் ஒருவர். ஆகவே குருவாக இருப்பது தடையல்ல, துப்பாக்கி பிடிக்காததும் தடையல்ல. அந்த இரவில் ‘மோதல்’ இல்லை என்பதே ஒரே தடை.

12.2.2024

ஒரு கேள்வி என்னை உறங்கவிடவில்லை. அந்த இரவில் மோதல் இல்லாத இன்னொரு வீரமும் நடந்தது. அதற்கு என்ன கிடைத்தது?

டார்செஸ்டருக்குத் துணையாகக் கடலோரக் காவல் படையின் மூன்று கப்பல்கள் வந்தன: டாம்பா, எஸ்கனாபா, கோமான்சி. பிந்திய இரண்டும் மீட்புக்குத் திரும்பின. எஸ்கனாபாவின் மாலுமிகள் ரப்பர் உடை அணிந்து, இடுப்பில் கயிற்றோடு கடலில் குதித்து, விறைத்துக் கிடந்தவர்களைக் கயிற்றில் கட்டிக் கொடுத்தார்கள். விறைத்துப்போனவனால் தொங்கவிட்ட ஏணியையோ வலையையோ பற்ற முடியாது என்பது கடலில் இருந்தவர்களுக்குத் தெரியும். அதற்கென்றே அவர்கள் இந்த முறையை முன்கூட்டியே பழகியிருந்தார்கள். சில மாதங்களில், 1943 ஜூன் 13இல், அந்த எஸ்கனாபாவே வெடித்து மூழ்கியது. அதில் பிழைத்தவர்கள் இருவர் மட்டுமே.

கோமான்சியில் சார்லஸ் வால்டர் டேவிட் என்ற கறுப்பின இளைஞர் இருந்தார். அக்காலத்தில் கறுப்பினத்தவருக்குப் பெரும்பாலும் உணவுக்கூடப் பணியாளர் வேலைதான் கொடுப்பார்கள், அவருக்கும் அதுவே. கடலில் இறங்குவது அவர் கடமையில் இல்லை. ஆனால் இறங்கினார், மீண்டும் மீண்டும் இறங்கினார். டார்செஸ்டரில் இருந்தவர்களை மட்டுமல்ல, தண்ணீரில் விழுந்துவிட்ட தன் கப்பலின் அதிகாரி ஒருவரையும் மீட்டார். அந்தக் குளிரே அவருக்கு நிமோனியாவாக மாறி, சில வாரங்களில் உயிரைக் கொண்டுபோயிற்று. கடற்படை – மரைன் படைப் பதக்கம் அவருக்கு இறப்புக்குப் பின் வழங்கப்பட்டது. அது நல்ல பதக்கம்தான், ஆனால் வரிசையில் மிகவும் கீழே இருப்பது. 2013இல் ஒரு ரோந்துக் கப்பலுக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

ஒரே கடல், ஒரே இரவு, ஒரே காரணம். நால்வருக்கு நாட்டின் உச்சிக்கு நிகரான பதக்கம். ஐந்தாமவருக்கு அது இல்லை. குருமாரின் பெருமையைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. நால்வரின் பெயரில் மட்டுமே ஒரு பதக்கத்தை அடைத்து மூடினால் வெளியே நிற்பவர் யார் என்பதைப் பார்க்கவே சொல்கிறேன்.

13.2.2024

‘இதற்கு வேறு நாடுகள் என்ன செய்தன’ என்று நேற்றிரவு ஒருவர் கேட்டதில் விவாதத்தின் முடிச்சே இருக்கிறது.

பிரிட்டன் 1940இல் ஜார்ஜ் கிராசை ஏற்படுத்தியது. எதிரியின் முன்னிலையில் காட்டும் வீரத்துக்கு விக்டோரியா கிராஸ். எதிரி முன்னிலையில் இல்லாமல் காட்டும் மிக உயர்ந்த வீரத்துக்கு ஜார்ஜ் கிராஸ். நம் நாட்டில் பரம வீர் சக்கரமும் அசோக சக்கரமும் அப்படித்தான். போர்முனைக்கு வெளியே காட்டும் உச்ச வீரத்துக்கு அசோக சக்கரம். மேஜர் முகுந்த் வரதராஜனுக்கு வழங்கப்பட்டது அதுதான் என்பது தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். பரம வீர் சக்கரம் இல்லையே என்று யாரும் அவரைக் குறைத்து மதிப்பதில்லை.

அமெரிக்கப் படையில் அந்த இரண்டாவது இருக்கை இல்லை. மோதல் இல்லாத வீரத்துக்குத் தரைப்படையில் 1926 முதல் சோல்ஜர்ஸ் மெடல் உண்டு, கடற்படையில் டேவிட் பெற்ற பதக்கம் உண்டு. இரண்டுமே மெடல் ஆஃப் ஆனருக்கு அருகில்கூட வருவதில்லை. அமெரிக்கக் கடற்படை ஒரு காலத்தில், மூழ்குபவரைக் காப்பாற்றியவர்களுக்கும் அமைதிக்காலத்திலேயே மெடல் ஆஃப் ஆனர் வழங்கிவந்தது. 1942 ஆகஸ்டில் அதையும் நிறுத்தினார்கள். டார்செஸ்டர் மூழ்கியது அதற்கு ஆறு மாதங்களுக்குப் பின்.

ஆகவே என் கருத்து இப்படி அமைகிறது. நான்கு சாப்ளின்கள் பதக்கம் ஆறுதல் பரிசு அல்ல. தங்களிடம் ஜார்ஜ் கிராஸ் போன்ற ஒன்று இல்லை என்பதை அமெரிக்கா ஒரே ஒருமுறை உணர்ந்து, நான்கு பேருக்காக மட்டும் அதைச் செய்துகொண்டது. செய்தது சரி. அதோடு நிறுத்தியதுதான் குறை.

15.2.2024

எமில் கபவுனைச் சிலர் எதிர் உதாரணமாகக் காட்டுகிறார்கள். கொரியப் போரில், 1950 நவம்பரில், உன்சான் அருகே தப்பிச் செல்ல வாய்ப்பு இருந்தும் காயம்பட்டவர்களோடு தங்கிச் சிறைப்பட்ட கத்தோலிக்கக் குரு அவர். சுடப்படவிருந்த காயம்பட்ட வீரன் ஒருவனை, குறிபார்த்து நின்ற எதிரிச் சிப்பாயை ஒதுக்கித் தள்ளிவிட்டுத் தூக்கிச் சென்றார். முகாமில் சக கைதிகளுக்காக உணவு திருடிக் கொடுத்தார். அங்கேயே 1951 மே மாதம் இறந்தார். மெடல் ஆஃப் ஆனர் 2013இல்தான் வந்தது. ‘60 ஆண்டுகள் கழித்தாவது முறையான விருது வந்ததே, நால்வருக்கு ஏன் வரக்கூடாது’ என்கிறார்கள்.

கபவுனின் முன்னால் எதிரி துப்பாக்கியோடு நின்றான். சட்டத்தின் சொற்களுக்குள் அவர் முழுமையாக அடங்குவார். தாமதம் வேறு காரணங்களால் வந்தது. நால்வரின் முன்னால் நின்றவை தண்ணீரும், பயந்துபோன இளைஞர்களும். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்த முயன்றால் இரண்டில் ஒன்றுக்கு அநியாயம் நடக்கும்.

18.2.2024

நம் ராணுவத்திலும் பண்டிட், கிரந்தி, மௌல்வி, பாதிரியார், பௌத்தத் துறவி என்று சமய ஆசிரியர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்குத் தனிப் பதக்கம் உண்டா என்று கேட்டவருக்கு: இல்லை, தேவையும் இல்லை. அவர்கள் ஜூனியர் கமிஷன்டு அதிகாரிகள். படையினர் அனைவருக்கும் உள்ள வீர விருதுகள் அவர்களுக்கும் உரியவை. வீரத்துக்கான இரண்டு படிவரிசைகளும் முழுமையாக இருக்கும் நாட்டில் தனிச் சட்டம் எதற்கு?

21.2.2024

கடைசியாக ஒரு தேதி. 1963இல், அதாவது நால்வரின் பதக்கம் வழங்கப்பட்டு இரண்டே ஆண்டுகளில், காங்கிரஸ் மெடல் ஆஃப் ஆனர் சட்டத்தைத் திருத்தி எழுதியது. முறைப்படி போர் அறிவிக்கப்படாத மோதல்களும் அதற்குள் வந்தன. டார்செஸ்டர் நினைவு அவர்கள் மனத்தில் பசுமையாக இருந்த நேரம். அப்போதே பக்கத்தில் இன்னொரு பிரிவைச் சேர்த்து, மோதல் இல்லாத உச்ச வீரத்துக்கு நிலையான பதக்கம் ஒன்றை நால்வரின் பெயராலேயே ஏற்படுத்தியிருக்கலாம். அது குருமாருக்கு மட்டும் என்றில்லாமல், படையில் யாராக இருந்தாலும், தன் உயிரைக் கொடுத்து இன்னொருவரைக் காத்தவருக்கு என்று இருந்திருக்கும். இன்றும் அதற்குத் தடை எதுவும் இல்லை. ஒரு சட்டம் போதும். அப்படி ஒன்று வந்தால் பட்டியலில் ஐந்தாவதாக எழுதப்பட வேண்டிய பெயர் சார்லஸ் வால்டர் டேவிட்.